உள்ளங்கால் சாட்சி

கல்யாண மண்டபத்தில் அடைபடுவது தமிழ்நாட்டுப் போராட்டக்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. காலையில் பிடிப்பார்கள், மத்தியானம் தக்காளிச் சாதம் கொடுப்பார்கள், பொழுது சாயும்போது விட்டுவிடுவார்கள். பிடிக்கிறவர்களுக்கும் பிடிபடுகிறவர்களுக்கும் இதில் கைப்பழக்கம் உண்டு. இசக்கிராஜாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போராட்டம் நடக்கிற தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவன் அவன். அன்றைக்கு அவன் போய்க்கொண்டிருந்தது திருச்செந்தூருக்கு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோடு முழுக்கப் பச்சை. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, வெறுங்கால். முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வருசா வருசம் நடக்கிற நடை. இந்த வருசம் அந்தப் பச்சைக்குள் இன்னொரு பச்சை கலந்துவிட்டது. பூமி சூடாகிறது, கரி எரிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிற காலேஜ் பிள்ளைகள் கொஞ்சப் பேர், ரெண்டு வருசத்துக்கு முந்தி வெள்ளம் அடித்துப்போன தாமிரபரணி ஆற்றங்கரை வரைக்கும் ஊர்வலம் போக அனுமதி கேட்டிருந்தார்கள். போலீஸ் மறுத்துவிட்டது. முருக பக்தர்களை யார் மறிக்கப்போகிறார்கள் என்று பிள்ளைகளும் பச்சையைக் கட்டி, மாலையை வாங்கிப் போட்டு, செருப்பை வீட்டில் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். பேனரைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமில்லை. அது யார் தலையில் விடியும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விடிந்தது இசக்கிராஜா தலையில்.

அவனுக்கு வேலை துறைமுகத்தில், ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் கரி யார்டில். கப்பலில் இருந்து இறக்கிக் குவித்த நிலக்கரி சும்மா கிடக்கிற சாமான் இல்லை. வெளியே கறுப்பாக, சாதுவாக இருக்கும். உள்ளே தானாகவே கனிந்துகொண்டிருக்கும். எங்கே புகைகிறது என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு அப்படித் தண்ணீர் அடிக்கப் போனவனின் இடது கால் குவியலுக்குள் இறங்கிவிட்டது. பூட்ஸின் அடி எப்போதோ பிளந்திருந்தது. உள்ளங்கால் வெந்துபோயிற்று.

சூப்பர்வைசர் சிவனாண்டி அண்ணாச்சி நல்ல மனுஷன். தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போய் மருந்து போட்டுவிட்டார். போகிற வழியில் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"ஏலே, யாரும் கேட்டா கோயில் பூக்குழில தீ மிதிச்சேன்னு சொல்லு. யார்டுல நடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஆக்சிடென்ட் கேஸாயிரும். காண்ட்ராக்டையே புடுங்கிருவான். உனக்கும் வேல இருக்காது, எனக்கும் இருக்காது."

அதனால் இசக்கிராஜா இந்த வருசம் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கூட்டத்தைக் கூட்டிப் போகிற குருசாமி சுடலைக்கண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. "மாலையப் போட்டுட்டு செருப்பா? எங் கூட்டத்துல அது நடக்காது. பின்னால தள்ளி வா. எங்கூட வந்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராத" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவன் நொண்டி நொண்டிப் பின்தங்கினான். முத்தையாபுரம் தாண்டி, முள்ளக்காடு வரும்போது அவனைச் சுற்றி இருந்தவர்கள் யாரையும் அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் பச்சை. "அண்ணே, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு பெண் ஒரு துணியின் நுனியை நீட்டினாள். அன்னதானப் பந்தலுக்குக் கட்டுகிற பேனர் என்று நினைத்தான். கால் வலியில் குனிந்துகொண்டே பிடித்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் வாசிக்கவில்லை.

"கரி எரிந்தது, கடல் கொதித்தது, ஆறு எங்கள் மாடிக்கு வந்தது" என்று எழுதியிருந்தது. ஊரே அதை வாசித்துவிட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். போலீஸ் வேன் வந்தது. பேனர் பக்கத்தில் பச்சை கட்டி நின்றவர்களை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

முள்ளக்காட்டிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, வாசல் ஷட்டரைப் பூட்டினார்கள். முந்தின முகூர்த்தத்துத் தெர்மகோல் எழுத்துகள் இன்னும் மேடையில் ஒட்டியிருந்தன. மணமகன் பெயரில் பாதி உதிர்ந்து கிடந்தது. மேடையில் இரண்டு சிம்மாசன நாற்காலிகள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பச்சை கட்டிய கூட்டம். காற்றாடி சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை. இசக்கிராஜா ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்தான். எல்லாவற்றிலும் கம்பி.

"நான் இவுக ஆள் இல்ல. நான் கோயிலுக்குப் போறவன்" என்று வாசலில் நின்ற பெண் போலீஸ் சண்முகசுந்தரியிடம் சொன்னான்.

"எல்லாரும் அதத்தாம்ணே சொல்லுதாக" என்றார் அவர். எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். உள்ளே இருந்த அத்தனை பேர் கழுத்திலும் மாலை கிடந்தது.

அவன் பயமெல்லாம் கேட் பாஸைப் பற்றித்தான். துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமானால் பாஸ் வேண்டும். பாஸைப் புதுப்பிக்க, இவன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் சொல்ல வேண்டும். அவன் விண்ணப்பம் இப்போது அவனைப் பிடித்து வந்த இதே போலீஸ்காரர்களின் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது. இன்றைக்கு ஒரு கேஸில் பெயர் ஏறினால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கரி யார்டுத் தொழிலாளி கரிக்கு எதிராகப் பேனர் பிடித்தான் என்றால் வேறு எந்தக் கம்பெனியும் பக்கத்தில் சேர்க்காது. வீட்டில் இரண்டு வயசுப் பிள்ளை இருக்கிறது.

போன் அடித்தது. அவன் பெண்டாட்டி சந்தனச்செல்வி.

"எங்க இருக்கீக? வாட்ஸப்புல உங்க போட்டோ வந்துருக்கு. தெருவுல ஒவ்வொருத்தியா வந்து காட்டிட்டுப் போறாளுவ."

"தெரியாமப் பிடிச்சுட்டேன்ளா. கோயில் பேனர்னு நெனச்சேன்."

"கூட்டம் கூடுற எடத்துல நிக்காதீகன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? இந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீகளா?" அவள் குரல் உடைந்தது. அந்த ஊரில் ஒரு வைகாசி வெயிலில் ஊர்வலத்தின் மேல் நடந்த துப்பாக்கிச்சூடு யாருக்கும் மறக்கவில்லை. மறக்காததால்தான் இத்தனை பேர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். இசக்கிராஜா போனை வைத்தான்.

பேனரை நீட்டிய பெண் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பெயர் பானுப்ரியா. கடைசி வருசம் படிக்கிறாள். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. வெள்ளத்தில் அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் கரைந்து தெருவில் ஓடியதைப் பார்த்தவள்.

"சாரிண்ணே. நீங்களும் எங்க ஆளுன்னு நெனச்சுட்டேன்."

"நல்லா நெனச்சம்மா. என் பொழப்பு போச்சு."

"சாயங்காலம் விட்டுருவாங்க. பயப்படாதீங்க."

"உன்ன விட்டுருவாக. நீ கடைக்காரு மக. வீட்டுக்குப் போனா சோறு இருக்கும். நான் கரி யார்டுல வேல பாக்கேன்."

அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு அவளுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பிள்ளைகளிடம் அதுதான் தொல்லை, சும்மா இருக்கத் தெரியாது. கரி எரிகிற புகை வானத்தில் போர்வை போலத் தங்கிவிடுவதை, அந்தச் சூட்டைக் கடல் குடித்துக்கொள்வதை, சூடான கடலுக்கு மேல் மேகம் கனத்து, வருசம் பூரா பெய்ய வேண்டிய மழையை ஒரே நாளில் கொட்டிவிடுவதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இசக்கிராஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு வேண்டாம்மா இது. வேற யாருகிட்டயாவது சொல்லு" என்றான். ஆனால் காது திறந்துதான் இருந்தது. பூட்டிய மண்டபத்தில் காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பொட்டலம் வந்தது. தக்காளிச் சாதம். அவன் விரதம் என்று சாப்பிடவில்லை. பானுப்ரியாவும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாலை போட்டிருக்கேன்ல, வேசத்துக்குன்னாலும் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர், வியர்த்துக் கொட்டிய முகம். பக்தர்களை அடைத்து வைத்திருப்பதாக யாரோ மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். தைப்பூச நேரத்தில் மாலை போட்டவனை அடைத்து வைத்தால் நாளைக்கு அதற்கு ஒரு போராட்டம் வரும். நிஜமான பக்தர்களை உடனே விட வேண்டும். யார் நிஜம் என்பதுதான் கேள்வி.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. "எல்லாரும் காலைத் தூக்கிக் காட்டுங்க" என்றார்.

நிஜமான பக்தன் விடிகாலையில் இருந்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தவன். உள்ளங்கால் கறுத்திருக்கும், கொப்புளித்திருக்கும். போராட்டக்காரன் எங்காவது வண்டியில் வந்து இறங்கியிருப்பான் என்பது அவர் கணக்கு. சண்முகசுந்தரியும் இரண்டு போலீஸ்காரர்களும் வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. பிள்ளைகள் வேசத்தைச் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். வெறுங்கால் பழகாத காலேஜ் கால்கள் வேறு. இரண்டு மடங்கு கொப்புளித்திருந்தன. பானுப்ரியாவின் பாதத்தைப் பார்த்து சண்முகசுந்தரியே "அய்யோ பாவம்" என்றார். ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்கள். வெளியே போனவர்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இசக்கிராஜா முறை வந்தது. அவன் வலது கால் வெள்ளையாக இருந்தது, இடது காலில் துணிக் கட்டு. நாற்காலிக்கு அடியில் செருப்பு கிடந்தது.

"செருப்பு போட்ட பக்தனா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கால்ல புண்ணு சார். குருசாமிகிட்டக் கேளுங்க." சுடலைக்கண்ணனின் நம்பரைக் கொடுத்தான்.  இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மேளச் சத்தம், அதற்கு மேல் குருசாமியின் குரல்.

"செருப்பு போட்டுருக்கானா? மாலை போட்டவன் செருப்பு போட மாட்டான் சார். எங்க கூட்டத்துல அப்பிடி ஒருத்தனும் கெடையாது."

போன் கட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் இசக்கிராஜாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டுத் துணியை அவிழ்க்கச் சொன்னார்.

"எங்க சுட்டது?"

"பூக்குழி மிதிச்சேன் சார்." சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் தானாக வந்தது.

"எந்தக் கோயில்?"

"ஊர்ல… அம்மன் கோயில்ல."

சண்முகசுந்தரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர். "எங்க ஊருகள்ல பூக்குழி இப்பம் கெடையாதே சார். புண்ணு பச்சையால்லா இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பொய் சொல்ற. பேனர் பிடிச்ச போட்டோ இருக்கு, கால் சுத்தமா இருக்கு, குருசாமிக்கு உன்னைத் தெரியல. நீதான் அந்தப் போராட்டக்காரங்களைக் கூட்டிட்டு வந்தவன்." இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். "இவன் பேரை முதல்ல போடு."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் நிஜமான பக்தன் அவன் ஒருவன்தான் போலிருந்தது. அவன்தான் உள்ளே மாட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் யார்டு விவகாரம் வெளியே வரும், வேலை போகும். சொல்லாவிட்டால் கேஸ் விழும், பாஸ் போகும், வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கதவு, அதுவும் பூட்டியிருந்தது. இசக்கிராஜா கழுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டான். மாலையோடு பொய் சொன்னது அவனுக்கு நெஞ்சில் உறுத்தியது.

"இனிமே பொய் சொல்லல சார். இது பூக்குழி இல்ல. நான் கரி யார்டுல வேல பாக்கேன். கரிக்குள்ள கால் போயிட்டு. வெளிய தெரியாது சார், உள்ள தீயாக் கெடக்கும். பூட்ஸுல அடி இல்ல. வெளிய சொல்லாதன்னாக. அதான் பூக்குழின்னேன்."

"அப்போ எதுக்கு இவங்களோட நடந்த?"

"இவுககூட நடக்கல சார். எனக்கு நேர்ச்ச. வெள்ளம் வந்தப்ப எம் பொண்டாட்டி நெறமாசம். ஏரல் பக்கம் அவ அம்மா வீட்டு மாடில நிக்கோம். கீழ வீட்டுக்குள்ள ஆறு ஓடுது. சுத்தி அம்புட்டுத் தண்ணி, குடிக்க ஒரு வாய் இல்ல. ரெண்டாம் நாளு அவளுக்கு வலி எடுத்துட்டு. மேல ஹெலிகாப்டர் போவுது. உடுத்திருந்த சாரத்த அவுத்து ஆட்டிக் கத்துதேன், அது நிக்கல. அவ எங் கையக் கடிச்சுகிட்டுக் கெடக்கா. அப்பந்தான் சார் நேர்ந்தேன், முருகா, ரெண்டு உசுரையும் குடுத்துரு, நான் சாகுற வரைக்கும் வருசா வருசம் நடந்து வாரேன்னு. அதுக்குப் பெறவுதான் திரேஸ்புரத்துல இருந்து மரியான்னு ஒருத்தரு வள்ளத்தக் கொண்டாந்து எங்கள ஏத்துனாரு."

சண்முகசுந்தரி நிமிர்ந்தார். "ஏரல்ல எங்கண்ணே?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"சரிப்பா, வெள்ளம் எல்லாருக்கும்தான் வந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுக்கும் இந்தப் பேனருக்கும் என்ன சம்பந்தம்?"

இந்த இடத்தில் அவன் "ஒண்ணும் இல்ல சார்" என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தான். காலையில் இருந்து காதில் விழுந்ததெல்லாம் உள்ளே போய்க் கனிந்துகொண்டிருந்தது.

"அதத்தான் சார் அந்தப் பிள்ள காலையில இருந்து சொல்லுது. கரிய எரிக்க எரிக்கக் கடல் சூடாவுதாம். கடல் சூடானா மழை இப்பிடிக் கொட்டுமாம். நான் கேக்கலன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஏன்னா கேட்டு என்ன செய்யது? அந்தக் கரிக்குத் தண்ணி அடிச்சுத்தான் எம் பிள்ளைக்குப் பால் வாங்குதேன். அந்தக் கரிதான் எம் பிள்ளையக் கொல்லப் பாத்துச்சுன்னா நான் யாருகிட்டப் போயி முறையிட? கோயிலுக்குப் போயி, காப்பாத்துனியே முருகான்னு கும்புட்டுட்டு, திரும்பி வந்து அதே கரிக்குக் காவல் நிக்கணும். எனக்கு வேற வேல தெரியாது சார். வேற வேல இங்கன இருந்தாச் சொல்லுங்க, போறேன்." அவன் கை கூப்பினான். "கேட் பாஸ மட்டும் கெடுத்துராதீக சார். உங்க கால்ல விழுதேன்."

பக்தன் என்று நிரூபிக்கத்தான் வாயைத் திறந்தான். முடிக்கும்போது மண்டபத்தில் அவனைவிடப் பெரிய போராட்டக்காரன் இல்லை என்று ஆகியிருந்தது. அது அவனுக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பேரை எழுது என்றும் சொல்லவில்லை, அழி என்றும் சொல்லவில்லை. வெளியே போய்விட்டார். ஷட்டர் மறுபடி இறங்கியது.

ஜன்னல் கம்பிக்கு வெளியே, பக்தை என்று விடப்பட்ட பானுப்ரியா போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பேசியதை எல்லாம் அவள் போனுக்குள் பிடித்துவிட்டாள் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

வெயில் தாழ்ந்தபோது ஷட்டர் தூக்கப்பட்டது. இன்ஸ்பெக்டரே வந்தார். அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ போகலாம். உன் மேல கேஸ் ஒண்ணும் இல்ல."

"பாஸுக்கு சார்?"

"வெரிஃபிகேஷன் பேப்பர்ல நானே கையெழுத்துப் போடறேன். போப்பா. ஊரெல்லாம் உன் வீடியோ ஓடுது. பக்தனை அடைச்சு வச்சிருக்கோம்னு என்னைப் பிடிச்சுத் திட்றாங்க."

இசக்கிராஜாவுக்கு வீடியோ என்ற சொல் சரியாகக் காதில் ஏறவில்லை. கேஸ் இல்லை, கையெழுத்து உண்டு. அவன் முருகா என்று வாய்விட்டே சொன்னான். வாசலில் சண்முகசுந்தரி அவன் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். ஒரு பெண் போலீஸ் தன் செருப்பைத் தொட்டு எடுத்து வைத்ததில் அவன் பதறிப்போனான். "இருக்கட்டும்ணே. எங்க அம்மாவும் மூணு நாளு மாடிலதான் கெடந்தா" என்றார் அவர்.

பானுப்ரியா ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "அண்ணே, பாத்தீங்களா? நாங்க மூணு வருசமாக் கத்துறோம், ஒரு ஆள் திரும்பிப் பாக்கல. நீங்க பேசுனது எங்கெங்கயோ போயிட்டு. எங்க அப்பா போன் போட்டு அழுதாரு. காலநிலைன்னு சொன்னாலே கடையை விட்டு எந்திரிச்சுப் போற மனுசன்." அவள் போனை நீட்டினாள். சின்னத் திரையில் அவன் மாலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். உள்ளங்கால் பெரிதாகத் தெரிந்தது. "நான் யாருகிட்டப் போயி முறையிட?" என்ற இடத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. வேற வேலை தெரியாது என்று சொன்னதும் இல்லை, பாஸுக்காகக் கை கூப்பியதும் இல்லை.

"கடைசில நான் சொன்னது எங்கம்மா?"

"அது… கொஞ்சம் நீளமாப் போச்சுண்ணே. அங்க முடிச்சாத்தான் நல்லா இருந்துச்சு."

"எங்க சூப்பர்வைசரு பாத்துருப்பாரா?"

அவள் முகத்து வெளிச்சம் அப்போதுதான் அணைந்தது. அதுவரைக்கும் அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நல்லது செய்கிற அவசரத்தில் யாருக்கும் அது தோன்றுவதில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முள்ளக்காட்டை விட்டு அவன் நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிவனாண்டி அண்ணாச்சி கூப்பிட்டார். எடுத்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"எம் பொண்டாட்டி திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காலே. எங்க வீட்டுக்குள்ளயும் அன்னைக்கு இடுப்பளவு நின்னுச்சு. எங்க அப்பா போட்டோ மொதக்கொண்டு போச்சு. நீ சொன்னது அம்புட்டும் சரிலே. ஒரு வார்த்த பொய் கெடையாது."

"அண்ணாச்சி…"

"நாளன்னைக்கு கேட்டுக்கு வராத."

"கேஸ் இல்லன்னுட்டாக அண்ணாச்சி. பாஸ் வந்துரும்."

"பாஸ வச்சு என்னலே செய்யப்போற? கால் வெந்தத ஊருக்கே காட்டிட்டியே. கம்பெனில ஒம் பேரத் தூக்கிட்டாக. எனக்கும் நோட்டீஸ் வருதாம்." மறுபடி மூக்கை உறிஞ்சினார். "ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. கோவப்படணும்னுதான் போன் போட்டேன், வரமாட்டேங்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இசக்கிராஜா ரோட்டோரம் நின்றான். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் கோயில். வீட்டுக்குப் போனால் சந்தனச்செல்விக்குச் சொல்ல வேண்டும். அதனால் கோயில் பக்கமே நடந்தான். பச்சைக் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. அவன் வாயில் அரோகரா வரவில்லை. உப்பளங்களின் மேல் வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. பழையகாயல் வருவதற்கு முன்னால் கால் விட்டுப்போயிற்று. ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கிளாஸைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்தார். "வீடியோல பேசுனது நீங்கதான?"

இசக்கிராஜா தலையாட்டினான்.

"காசு வேண்டாம். குடிங்க." அவர் சுவரைக் காட்டினார். ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கறை. அதற்கு மேல் மட்டும் வெள்ளை அடித்திருந்தார். "இது வரைக்கும் வந்துச்சு. நான் இத்தன நாளா சாமி குத்தம்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க சொன்னப்பதான் அடப்பாவி, நம்ம ஊருத் தீயே நம்மள முக்கிருக்கேன்னு வெளங்குச்சு. கடைக்கு வாரவுக எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுதேன். இந்தக் கரிய நிப்பாட்டணும்ணே. யாராவது ஒருத்தன் துணிஞ்சு சொல்லணும்ல, சொல்லிட்டீக."

பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருவர் வெள்ளத்தில் போன மாட்டைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் வாழைத் தோட்டத்தைப் பற்றி. எல்லோரும் இசக்கிராஜாவைப் பார்த்தே சொன்னார்கள், அவனிடம் ஏதோ மருந்து இருக்கிற மாதிரி. அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு கடைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். துண்டால் கையைத் துடைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று முகம் தடுமாறியது.

"தப்பா நெனைக்காதீக. உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாகன்னு சொல்லிக்கிட்டாக. நெசமா?"

"நெசந்தான்."

"எங்க அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான், முத்துச்செல்வம்னு. படிச்சுட்டு ரெண்டு வருசமா சும்மா கெடக்கான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த எடத்துக்கு யாரயும் போட்டுட்டாகளா, இல்ல காலியா இருக்கா?"

இசக்கிராஜா அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் முகமும் இன்றைக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. போனை எடுத்து சிவனாண்டி அண்ணாச்சியின் நம்பரைச் சொன்னான். கடைக்காரர் அவசர அவசரமாகத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

இசக்கிராஜா எழுந்து செருப்பை மாட்டினான். நாலு எட்டு நடந்தவன் திரும்பினான்.

"அண்ணாச்சி, அவன் வேலைக்குப் போறதுக்கு முந்தி பூட்ஸ நீங்களே ஒண்ணு நல்லதா வாங்கிக் குடுத்துருங்க. அங்கன குடுக்கதுல அடி இருக்காது."